பட்டயத்திலிருந்து பட்டம் வரை
(கழகத்தின் வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

    

வெள்ளிவிழா மகிழ்ந்து கொண்டாடுதற்குரிய நாள். ஆயினும், செய்ததையும் செய்யத் தவறியதையும் கணக்குப் பார்ப்பதற்கும் இதுவே உரிய நாள். பாலிடெக்னிக்கில் மின்னியல் பட்டயம் பெற்ற நம் மாணவர்கள் மின்பொறியியல் பட்டப்படிப்பில் சேர்வது எப்படி என்பதே எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. சேர்வது எப்படி என்பதோடு, சேர்ந்த பின் நிலைப்பது எப்படி என்பதையும் பேச விழைகிறோம். நாம் இடறியது இரண்டாவதிலேதான்.

மின்சாரமும் நம் மக்களும்

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. போருக்குப் பிந்திய மின்சார வளர்ச்சியைப் பற்றி ஆராய 1943 அக்டோபரில் கூடிய குழுவின் முன் அவர் உரையாற்றினார். மலிவான மின்சாரம் தாராளமாகக் கிடைத்தாலன்றித் தொழில் வளராது. தொழில் வளர்ந்தாலன்றி ஏழை மக்கள் வறுமையிலிருந்து மீள வழியில்லை என்பதே அவர் கருத்தின் சாரம். மின்வளர்ச்சிக்கென மைய அரசு தொழில்நுட்ப வாரியம் ஒன்றை அமைத்தது 1944இல். தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேற்படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியதும் அதே 1944இல்தான். மின்சாரமும் உதவித்தொகையும் ஒரே காலத்தில் பிறந்தவை என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சில் கொள்ளவேண்டும்.

ஊர்த்தெருவில் விளக்கு எரிந்த பின்னரும் நம் குடியிருப்பில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்த காலத்தை இங்குள்ள முதியோர் அறிவர். கம்பம் நடக் குழி தோண்டிய கைகள் நம்முடையவை. கம்பியைத் தோளில் வைத்து இழுத்த கைகளும் நம்முடையவை. அந்தக் கம்பி எவ்வழியே செல்லவேண்டும் என்று வரைபடம் வரைந்த கை மட்டும் நம்முடையதாக இருக்கவில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பட்டப்படிப்பு தொடங்கியது 1930இல். தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்தது 1957இல். அந்த வரைபட மேசைக்கு நம் பிள்ளைகள் சென்று சேர இன்றியமையாதது பட்டம். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்கப் பட்டம் வேண்டும். மேற்படிப்புக்கான கேட் தேர்வும், மைய அரசின் பொறியியல் பணித் தேர்வும் பட்டத்தை நோக்கியே அமைந்தவை.

வழி எது?

பத்தாம் வகுப்பு முடித்த மாணவன் மேல்நிலைக் கல்வி இரண்டாண்டு, பொறியியல் நான்காண்டு என ஆறாண்டுகளில் பட்டதாரியாகிறான். அதே வகுப்பிலிருந்து பாலிடெக்னிக் சென்றவன் பட்டயம் மூன்றாண்டு படித்து, பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து மூன்றாண்டு படித்தால், அவனும் ஆறாண்டுகளிலேயே பட்டதாரியாகிறான். ஓராண்டும் வீணாவதில்லை! அதுமட்டுமா? இடையில் குடும்பத்துக்கு இடர் நேர்ந்தால், பிழைக்க உதவும் பட்டயம் ஒன்று அவன் கையில் இருக்கும். தினக்கூலியை நம்பி வாழும் நம் வீடுகளுக்கு இது சிறிய செய்தியன்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு பயின்றவர்களும் பட்டயத்தின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பட்டத்துக்கும் செல்லலாம்.

இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. பட்டயத்தில் பெற்ற மதிப்பெண்களே தரவரிசையை முடிவு செய்கின்றன; கலந்தாய்வின் மூலம் இடம் வழங்கப்படுகிறது. ஒப்புதல் பெற்ற இடங்களுக்கு மேல் பத்து விழுக்காடு கூடுதல் இடங்களும், முதலாண்டில் நிரம்பாத இடங்களும் இதற்குரியவை. அறுபது இடங்களுள்ள பிரிவில் ஆறு கூடுதல் இடங்கள் உண்டு என்று கொள்க. ஆதிதிராவிடருக்குரிய 18 விழுக்காடும், அதனுள் 2009 முதல் அருந்ததியருக்கு அளிக்கப்பட்ட 3 விழுக்காடும், பழங்குடியினருக்குரிய 1 விழுக்காடும் இங்கும் பொருந்தும். கோவை, சேலம், காரைக்குடி, திருநெல்வேலி ஆகிய ஊர்களின் அரசு பொறியியல் கல்லூரிகளை நம் மாணவர்கள் முதலில் குறிவைக்க வேண்டும். வீட்டுக்கு அருகில் உள்ளது என்பதற்காக மட்டும் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிடலாகாது.

நாம் செய்த பிழை

இதுவரை சொன்னது வாசல். இனிச் சொல்லப்போவது வாசலுக்கு அப்பாலுள்ள பள்ளம்.

சில ஆண்டுகளுக்கு முன், துப்புரவுப் பணியாளர் ஒருவரின் மகன் பட்டயத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்று மின்பொறியியல் இரண்டாம் ஆண்டில் இடம் பெற்றார். இதே மண்டபத்தில் அவருக்கு மாலையிட்டோம், கைக்கடிகாரம் பரிசளித்தோம், முதற்கட்டணத்தையும் செலுத்தினோம். அதன்பின் அவரை நாம் மறந்துவிட்டோம். மூன்றாம் பருவத்தில் கணிதத்திலும் மின்காந்தப் புலக் கொள்கையிலும் அவர் தோல்வியுற்றார். அடுத்த பருவத்தில் தோல்விகள் பெருகின. உதவித்தொகை வந்து சேரத் தாமதமாயிற்று. கல்லூரியோ கட்டணத்தைக் கேட்டு வகுப்பிலேயே பெயர் வாசித்தது. ஒருநாள் பெட்டியுடன் ஊர் திரும்பினார். இன்று வீடுகளுக்கு மின்னிணைப்பு வேலை செய்துவருகிறார். இம்மண்டபத்தில் எரியும் விளக்குகளைப் பொருத்தியவர் அவரே.

இவ்வுரைக்காக அவரைச் சந்தித்து, அவர் இசைவு பெற்றே இதனைச் சொல்கிறோம். அவர் எங்களிடம் கூறியது இதுதான்: "ஐயா, மாலை போட்ட அன்றைக்கு எல்லாரும் வந்தீர்கள். கணக்கு விளங்காத அன்றைக்கு யாரிடம் போவதென்று எனக்குத் தெரியவில்லை."

நண்பர்களே! இதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. அறிவில் அவருக்குக் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. குறைந்தது நம் துணையே. கழகத்தின் சார்பில் அந்தப் பிழையை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

ஓராண்டின் பள்ளம்

அவர் இடறிய இடம் எது? நேரடியாக இரண்டாம் ஆண்டில் நுழைபவர் முதலாண்டைத் தாண்டி வருகிறார். அந்த முதலாண்டில் மற்றவர்கள் படித்து முடித்தவை அணிகள், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், வெக்டர் நுண்கணிதம், லாப்லாஸ் உருமாற்றம் ஆகியவை. பட்டயத்தில் இவற்றுள் சிலவற்றுக்கு அறிமுகம் உண்டு, ஆழம் இல்லை. மூன்றாம் பருவத்தில் ஆசிரியர் இவையெல்லாம் தெரியும் என்று கருதியே பாடத்தைத் தொடங்குவார்.

எடுத்துக்காட்டாக, பெரிய மின்தேக்கி ஒன்று மின்தடை வழியே மெல்ல மெல்ல மின்னேற்றம் பெறும் என்பதைப் பட்டய மாணவன் கண்ணால் கண்டிருக்கிறான். 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 10,000 ஓம் மின்தடை எனில், பெருக்கிப் பார்த்தால் பத்து நொடி. பத்து நொடியில் ஏறத்தாழ 63 விழுக்காடும், ஐம்பது நொடியில் 99 விழுக்காடும் ஏறிவிடும். இது அவனுக்குத் தெரியும். பட்டப்படிப்போ, 63 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. அதற்கு விடை வகைக்கெழுச் சமன்பாட்டில் இருக்கிறது. மும்முனை மின்சாரத்தில் ஸ்டார் இணைப்பின் ஒரு முனைக்கு 230 வோல்ட் என்றால், இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட் என்பதை அவன் வோல்ட்மீட்டரில் அளந்திருக்கிறான். 1.732 என்னும் எண் ஏன் என்பதைக் கலப்பெண்களைக் கொண்டு நிறுவுமாறு பட்டப்படிப்பு கேட்கிறது.

இளைஞர்களே! இதைக் கேட்டு அஞ்சவேண்டாம். செயல் உங்களுக்கு முன்னமே தெரியும். காரணத்தை மட்டும் கற்கவேண்டும். ஆய்வுக்கூடத்தில் மோட்டாருக்கு ஸ்டார்டர் இணைக்கவும், மெகர் கொண்டு மின்காப்பை அளக்கவும், மின்மாற்றியின் இரும்பிழப்பையும் தாமிர இழப்பையும் சோதித்தறியவும் நீங்களே உடன் பயில்வோருக்கு வழிகாட்டும் நிலை வரும். அங்கே நீங்கள் கற்றுக்கொடுங்கள். கணக்கில் அவர்களிடம் கேட்டுப் பெறுங்கள். பின்வாசல் வழியே வந்தவர் என்று எவரேனும் ஏளனம் செய்தால், மூன்றாண்டுத் தேர்வுகளைத் தாண்டி வந்தவர் நீங்கள் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

இனிச் செய்யவேண்டுவன

மாணவர்களுக்கு நான்கு சொற்கள்.

ஒன்று, பட்டயத்தின் முதல் நாளிலிருந்தே மதிப்பெண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வில் உங்களுக்காகப் பேசுவது அதுவே.

இரண்டு, பட்டயத்தின் இறுதித் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை கிடைக்கும் மாதங்கள் பொன்னானவை. அப்போது கூலி வேலைக்குச் செல்லவேண்டிய நிலை நம்மில் பலருக்கு உண்டு என்பதை அறிவோம். ஆயினும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் முதலாண்டுக் கணிதத்துக்கு ஒதுக்குங்கள்.

மூன்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, மாற்றுச் சான்று, பருவந்தோறும் பெற்ற மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றை முன்கூட்டியே திரட்டி வையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டோர்க்கே மைய அரசின் உதவித்தொகை. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்மக்களுக்கு 2022 முதலும், ஆண்மக்களுக்கு 2024 முதலும் மாநில அரசு திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் திட்டங்களைத் தொடங்கியுள்ளது. அவற்றையும் கேட்டுப் பெறுங்கள். இவை இரந்து பெறும் கொடையன்று, உரிமை.

நான்கு, தோல்வியை மறைக்காதீர்கள். ஒரு பாடத்தில் தோற்றவன் அதைச் சொல்லிவிட்டால், அடுத்த பருவத்துக்குள் மீளலாம். மறைத்தவனுக்கு அது ஐந்தாக வளரும்.

பட்டயத்தோடு வேலைக்குச் சென்றுவிட்ட தோழர்களுக்கும் ஒரு சொல். கோவை முதலிய ஊர்களில் மாலைநேரப் பகுதிநேரப் பொறியியல் பட்டப்படிப்பு உண்டு. அதனை ஆராய்ந்து பாருங்கள். நம் மூத்தோர் சிலர், 1920இல் தொடங்கப்பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் தேர்வுகளை எழுதிப் பட்டத்துக்கு இணையான தகுதி பெற்றனர். ஆனால் அந்தச் சமநிலை 2013 மே 31 வரை பதிவு செய்தோருக்கே உரியது. அண்மையில் சேர்ந்தாலும் பட்டத்துக்கு ஈடு என்று எவரேனும் கூறினால், நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பட்டயம் பெற்ற மகளை, "படித்தது போதும்" என்று நிறுத்திவிடாதீர்கள். இன்னும் மூன்றே ஆண்டுகள், அவள் பொறியாளர்.

இறுதியாகக் கழகத்துக்கு. கோடைதோறும் ஆறு வாரங்களுக்கு இம்மண்டபத்தில் கணித இணைப்பு வகுப்பு நடத்தப்பெற வேண்டும். பட்டம் பெற்று வேலையிலிருக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு மாணவருக்குப் பொறுப்பேற்று, முதல் இரு பருவங்களிலும் திங்களுக்கொரு முறையாவது அவரை விசாரிக்கவேண்டும். உதவித்தொகை வரும் வரை கட்டணத்தைக் கடனாக அளித்து, வந்தபின் திரும்பப் பெறும் சுழல்நிதி ஒன்று வேண்டும். மாலைக்கும் மேடைக்கும் ஆகும் செலவில் பாதியை அந்நிதிக்குத் திருப்பினால், தொடக்கத்துக்கு அது போதும்.

பொறுப்பேற்போர் பெயரெழுத ஒரு குறிப்பேட்டை வாயிலில் வைத்திருக்கிறோம். அதில் முதற்பெயர் முன்னமே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் பட்டதாரி அல்லர், இம்மண்டபத்துக்கு விளக்கிட்டவர். கோடை வகுப்புக்கு வரும் மாணவர்க்கு மின்பொறிகளின் செய்முறையைத் தாம் கற்பிப்பதாக எழுதியிருக்கிறார். அந்தப் பெயருக்குக் கீழே எத்தனை பெயர்கள் சேர்கின்றன என்பதை வைத்தே இந்த வெள்ளிவிழாவின் பயனை நாங்கள் அளந்துகொள்வோம்.