விருந்தினர் இல்லமும் குளியலறையும்

திருவண்ணாமலையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கார்த்திகைத் தீபத்தைப் பற்றியோ இரமண மகரிஷியைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நான் குளியலறையைப் பற்றிப் பேசப் போகிறேன். மாணவ நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். கோபுரத்தைக் கண்டு கும்பிட்டபின் அவர் தேடுவது இதைத்தான்.

முன்னாளில் யாத்திரிகர்கள் சத்திரத்துத் திண்ணையில் படுத்து, குளத்தில் நீராடிப் போய்விடுவார்கள். இரமணர் இவ்வூருக்கு வந்தது 1896-இல். அவரைப் பற்றிப் பால் பிரண்டன் எழுதிய நூல் 1934-இல் வெளியான பின்னர் மேனாட்டாரும் மிகுதியாக வரலாயினர். இன்று செங்கம் சாலைப் பக்கத்துத் தெருக்களில், வீட்டின் சில அறைகளை வாடகைக்கு விட்டுக் காலைச் சிற்றுண்டியும் அளிக்கும் குடும்பங்கள் உண்டு.

அப்படி நான்கு அறைகள் விடும் நண்பர் ஒருவர், அறைக்கு ஒன்றாக நான்கு குளியலறைகள் கட்ட எண்ணி என்னிடம் யோசனை கேட்டார். வருகிறவர்களின் முதற்கேள்வியே, "குளியலறை அறையோடு சேர்ந்ததா?" என்பதுதானாம்.

இதற்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பிடம், பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. ஆணும் பெண்ணும் தங்கினால் கழிப்பிடம் இரண்டுக்குக் குறையலாகாது. தனி வசதியுள்ள அறையினர் இக்கணக்கில் சேரார். ஆகவே முதியவர்களுக்கென்று கீழ்த்தளத்து அறை ஒன்றோடு மட்டும், கைப்பிடியும் உயர்ந்த இருக்கையும் உள்ள குளியலறையைச் சேர்க்கச் சொன்னேன். மற்ற மூன்று அறைகளுக்கும் பொதுவாக இரண்டு கழிப்பிடங்கள், ஒரு குளியலறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கதவு. இரண்டும் ஒரே கதவுக்குள் இருந்தால், ஒருவர் குளித்து முடிக்கும்வரை மற்றவர் வாசலில் இருமிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்! பல் துலக்கக் கூடத்திலே ஒரு தொட்டி வைத்துவிட்டால் காலை நெருக்கடியில் பாதி குறைந்துவிடும்.

இதனால் மிஞ்சும் பணத்தை மண்ணுக்கடியில் போடுங்கள் என்றேன். நண்பர் திகைத்தார். விடுதியில் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியத் தர அளவு. எட்டுப் படுக்கைகளுக்கு 1,440 லிட்டர். அதில் பெரும்பகுதி கழிவாகத் திரும்பி வரும். கழிவுத் தொட்டி கதவுகளை எண்ணுவதில்லை, தலைகளைத்தான் எண்ணுகிறது. தொட்டி நீர் மண்ணில் இறங்கும் இடத்திலிருந்து குடிநீர்க் கிணறு குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மலையடிவாரத்துப் பாறை நிலத்தில் அதுவும் போதாமற் போகலாம். மண் நீரை வடிகட்டும். பாறை வெடிப்போ அதை அப்படியே கிணற்றில் கொண்டு சேர்த்துவிடும்.

தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சு லாரி கொண்டே காலி செய்ய வேண்டும். அந்த லாரி வந்து நிற்க வழி விட்டீரா என்று கேட்டேன், நண்பர் விடவில்லை. வழி இல்லாத வீட்டில்தான் ஒரு மனிதனைக் கயிறு கட்டி உள்ளே இறக்கும் எண்ணம் வருகிறது. உள்ளிருக்கும் நச்சுவாயு சில மூச்சுகளில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் மாள்வதுண்டு. தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்த்த வேண்டியிருந்தது என்றால், சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்?

நண்பர் ஒரு பக்கச் சுவரை இடித்து லாரிக்கு வழி விட்டார். எஞ்சியிருந்தது பௌர்ணமி. அன்றிரவு கூடத்திலும் மாடியிலும் பாய் விரித்து இருபது பேரைச் சேர்த்துவிடலாம், வருமானமும் உண்டு. எட்டுக்கு மேல் ஒருவர் கூடாது என்று அவர் மனைவியார் சொல்லிவிட்டார். நாள்தோறும் கழிப்பிடங்களைக் கழுவுகிறவர் அந்த அம்மையார்தான்.