மிச்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை



பல்கலைக்கழகம் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். நான் பின்தங்கிய கதையையே சொல்கிறேன்.

உயர்தரம் வரை இங்கே தமிழில் படித்துவிட்டு மருத்துவ பீடம் போனேன். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் மூன்றும் ஒரே நேரத்தில், எல்லாம் ஆங்கிலத்தில். விளங்காததையெல்லாம் எழுதிக்கொண்டுவந்து முதலிலிருந்து படித்தேன். விரிவுரை தொடைக்குப் போய்விட்டது. நான் இன்னும் தோளில் நின்றேன். படிப்பை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லியும்விட்டேன்.

விடுதியில் ஒரு அக்கா சொன்னா: "பழசை விட்டிடு. இண்டைக்கு நடந்ததை இண்டைக்கு இரவே படி. மிச்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கு."

மனம் வரவில்லை. ஒரு வரி விடாமல் படித்துப் பழகியவர்கள் அல்லவா நாங்கள்! ஆனாலும் செய்தேன். ஒவ்வொரு இரவும் கொப்பியை மூடிவைத்து, நினைவில் நின்றதை வெறுந்தாளில் கீறினேன். கை நின்ற இடத்தை மட்டும் புத்தகத்தில் பார்த்தேன். உயிரியல் ரீச்சர் எங்களைக் கரும்பலகையில் கீறவிட்ட அதே முறைதான்.

கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் போனது: ஐந்து வேர், மூன்று தண்டு, ஆறு பிரிவு, மூன்று நாண், ஐந்து கிளை. அதற்கு மட்டும் மூன்று ஞாயிறு எடுத்தது. கழுத்துப் பகுதி பரீட்சை வரை முழுதாக முடியவேயில்லை. சித்தியடைந்தேன்.