பதுங்குகுழி யாருக்கு?

(அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

அமெரிக்க ஏகாதிபத்தியம் என்றதும் ஜனாதிபதிகளின் பெயர்களையும் தளபதிகளின் பெயர்களையும் சொல்லிப் பழகிவிட்டோம். இன்று அவ்வளவாகக் கேள்விப்படாத ஒரு பெயரைச் சொல்கிறேன்: லியோ ஹோய்க்.

1908ல் அயோவா ராஜ்யத்தில் பிறந்தவர். அது சோளமும் பன்றியும் விளைகிற விவசாய பூமி. வக்கீலுக்குப் படித்தார். குடியரசுக் கட்சியில் சேர்ந்து ராஜ்ய சட்டசபைக்குப் போனார். இரண்டாம் உலக யுத்தத்தில் 104வது காலாட்படை டிவிஷனில் லெப்டினன்ட் கர்னலாக ஐரோப்பாவில் இருந்தார். 1945 ஏப்ரலில் நோர்ட்ஹவுசனில் இருந்த நாஜி சித்திரவதை முகாமை விடுவித்த படை அது. பாசிசத்தை எதிர்த்து நின்ற அந்தச் சிப்பாய்களுக்கு நாம் மரியாதை செலுத்துகிறோம். அதை மறைக்க வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்தது; அரசியல் ஏணி தொடர்ந்தது. 1953ல் ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல். 1955ல் ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த கவர்னர். பள்ளிக்கூடமும் சாலையும் வேண்டும் என்றார். நியாயந்தான். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது? விற்பனை வரி 2 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாக ஏறியது. சாமான் வாங்குகிற ஒவ்வொரு கையும் கட்டுகிற வரி அது. பன்றி விலை சரிந்து விவசாயி தத்தளித்த காலம் வேறு. 1956 தேர்தலில் ஜனங்கள் அவரைத் தோற்கடித்தார்கள்.

ஜனங்கள் வேண்டாம் என்றவரை வாஷிங்டன் வா என்றது. 1957ல் ஐசனோவர் அவரைச் சிவில் பாதுகாப்பு இலாகாவின் தலைவராக்கினார். 1958ல் யுத்த ஆயத்த இலாகாவையும் அதோடு இணைத்து, இரண்டையும் அவர் கையிலேயே கொடுத்தார். அணுகுண்டு விழுந்தால் ஜனங்களைக் காப்பாற்றுவது அவருடைய வேலை.

எப்படிக் காப்பாற்றினார்? 1957ல் சர்க்கார் நியமித்த ஒரு கமிட்டி, கதிர்வீச்சுத் தூசியிலிருந்து ஜனங்களைக் காக்கும் பதுங்குகுழிகளுக்காக 2,500 கோடி டாலர் ஒதுக்கச் சொன்னது. சர்க்கார் மறுத்தது. 1958ல் கொள்கை பிரகடனமானது: அவரவர் குடும்பத்துக்கு அவரவரே கட்டிக்கொள்ளட்டும்! 1959ல் இலாகா ஒரு சிறு புத்தகம் போட்டது. வீட்டின் நிலத்தடி அறையில் கான்கிரீட் கல் அடுக்கிக் கட்டலாம்; செலவு 150 முதல் 200 டாலர்; இரண்டு வாரத்துக்கு உணவும் தண்ணீரும் சேர்த்து வைக்க வேண்டும்.

தோழர்களே, கணக்குப் பாருங்கள். அன்று அமெரிக்காவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர். 200 டாலர் என்றால் ஐந்து வாரக் கூலி. சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் சேர்த்தால்தான் குழி. விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது. 1966ல்தான் அவர்களில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டார்கள். மாடிக் கட்டிடத்தில் வாடகைக்கு இருக்கிற மில் தொழிலாளி எங்கே குழி தோண்டுவான்?

அதே காலத்தில், மேற்கு வர்ஜீனியாவில் ஓர் ஆடம்பர ஹோட்டலின் அடியில், சர்க்கார் பணத்தில் ரகசியமாக ஒரு பதுங்குகுழி எழும்பியது. அது பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு! 1992ல்தான் பத்திரிகை மூலம் விஷயம் வெளியே வந்தது. உழைப்பவனுக்குப் புத்தகம், ஆள்பவனுக்குக் கோட்டை.

1961 ஜனவரியில் ஹோய்க்கின் பதவி முடிந்தது. பிறகு எங்கே போனார்? பதுங்குகுழி தயாரித்து விற்கிற ஒரு தனியார் கம்பெனியின் நிர்வாகத்துக்கு! நேற்று சர்க்கார் நாற்காலியிலிருந்து 'கட்டுங்கள்' என்றவர், இன்று கம்பெனி நாற்காலியிலிருந்து 'வாங்குங்கள்' என்றார். சட்டத்தை மீறினார் என்று நான் சொல்லவில்லை. சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு. பயத்தையும் சரக்காக்கி விற்கிற அமைப்பு இது.

ஆனால் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. அணுகுண்டு ஒத்திகைக்குச் சங்கு ஊதியதும் ஓடி ஒளிய வேண்டும் என்பது நியூயார்க் சட்டம். 1955ல் ஒரு சிறு கூட்டம் ஒளிய மறுத்துக் கைதானது. 1960ல், ஹோய்க் இலாகாவின் தலைவராக இருந்தபோதே, தாய்மார்கள் குழந்தைகளோடு வந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மைதானத்தை விட்டு அசையவில்லை. 1961க்குப் பிறகு அந்த ஒத்திகையே நின்றுபோனது. 1963ல் மாஸ்கோவில், நிலத்துக்கு மேலேயும் தண்ணீருக்குள்ளும் அணுகுண்டு சோதனையைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

வயலில் நிற்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரம் குழிக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தால், நஞ்சான மண்ணில் எதை விதைப்பது? எந்தக் கிணற்றில் குடிப்பது? அணு யுத்தத்துக்குப் பதுங்குகுழி மருந்தல்ல. யுத்தத்தைத் தடுப்பதுதான் மருந்து. அதைச் செய்யக்கூடியவர்கள் மைதானத்தை விட்டு அசையாத அந்தத் தாய்மார்களைப் போன்ற சாதாரண ஜனங்கள்தான். ஒன்றுபட்டு நின்றால் அந்தச் சக்தி நம்மிடமும் உண்டு, தோழர்களே!