குப்பைக்கும் ஓர் இடம்



புது வீடு கட்டுகிறவர்கள் சமையல் மேடைக்கு எந்தக் கல், அலமாரிக்கு என்ன நிறம் என்று மாதக்கணக்கில் பேசுகிறார்கள். குப்பையை எங்கே வைப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அப்போது மிஞ்சுவது சிங்க்குக்கு அடியில் உள்ள இடம். இருட்டும் ஈரமுமான அந்த மூலையில் ஒரே வாளி, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். கரப்பான் பூச்சி குடியேறுவது அங்கேதான். ஒரே வாளியோடு முடிகிற சமையலறையை, எவ்வளவு செலவழித்துக் கட்டியிருந்தாலும், நல்ல சமையலறை என்று நான் சொல்லமாட்டேன்.

நாற்றத்துக்கு முதல் காரணம் தண்ணீர். காய்த்தோலும் மிச்சச் சோறும் டீத்தூளும் ஈரத்தோடு கவருக்குள் கட்டுண்டு கிடந்தால், காற்றுப் புகாமல் அழுகிவிடும். துளையுள்ள தட்டில் வடியவிட்டு, மூடி போட்ட சின்ன எவர்சில்வர் தூக்கில் போடுங்கள். அடியில் பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போட்டால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். தூக்கு சின்னதாகவே இருக்கட்டும். அப்போதுதான் தினமும் காலி செய்வோம். காய் நறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்க வேண்டும்.

பால் கவரின் முனையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். அந்தச் சின்னத் துண்டு யார் கையிலும் சிக்காமல் மண்ணுக்குப் போய்விடும். ஒட்டியபடியே விட்டு, அலசிக் காயவைத்து, உலர்ந்த குப்பைக்கான தனிப் பையில் போடலாம்.

மாடியோ பால்கனியோ இருந்தால், துளையிட்ட மண்தொட்டியில் ஈரக் குப்பை ஓர் அடுக்கு, காய்ந்த சருகு ஓர் அடுக்கு என்று போட்டு வாருங்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகைச் சேர்த்துக் கிளறிவிட்டால் சரியாகிவிடும். இரண்டு மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும்.

இதையெல்லாம் செய்யாமல் கலந்து கொட்டியது எங்கே போனது? சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்கு. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீதே வளர்ந்தது. ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகும். அது எரியக்கூடிய வாயு. 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ நாட்கணக்கில் புகைந்தது. குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன.

ஒரு வேண்டுகோள். உடைந்த கண்ணாடி, பிளேடு, சானிட்டரி நாப்கின் இவற்றைத் தனித்தனியாகத் தடித்த காகிதத்தில் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர்கள் அவற்றைக் கையால்தான் எடுக்கிறார்கள்.