திரைச்சீலையின் விளிம்பு



ரசிகர்கள் கதைகளைத் தம் மனம்போல் மாற்றிச் சொல்லும் வழக்கத்தையும், ஜோடித்து எடுக்கும் உருவப்படங்களையும் இந்தக் கருத்தரங்கில் ஒருசேர அமர்த்தியிருப்பதைக் கண்டு, இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் மலைத்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு பழைய படம் நினைவுக்கு வரவே அந்த மலைப்பு நீங்கிற்று.

படத்தில் இருப்பவர் என் தாய்மாமன். எம்.ஜி.ஆரைப் போல வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தரித்து, ஸ்டுடியோக்காரர் இரவல் கொடுத்த கோட்டு தோளில் நில்லாமல் சரிய, ஏரியும் மாடமும் தீட்டிய திரைக்கு முன்னால் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிற்கிறார். திரைச்சீலை தரையைத் தொடுமிடத்தில் ஒரு சுருக்கம். அதன் பக்கத்தில், அவசரமாகக் கழற்றிவிட்ட ரப்பர் செருப்பு ஒன்றின் நுனி. பஞ்சாலைத் தொழிலாளியான மாமன் தம்மை எம்.ஜி.ஆர். என்று ஒருநாளும் மயங்கியவரல்லர். ஆலை தமக்கு அளித்த உருவம் ஒன்றே தம் உருவம் என்பதை ஒப்புக்கொள்ள மறுத்தவர், அவ்வளவே.

அதே மறுப்பைத்தான் கதைகளிலும் காண்கிறேன். 1962-இல் வெளியான 'பாசம்' படத்தில் நாயகனான எம்.ஜி.ஆர். மாண்டுபோவதை ரசிகர்கள் பொறுக்கவில்லை. கதையை இப்படி ஏற்க மறுப்பது சினிமா கொண்டுவந்த வியாதி என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. மதுரைவீரன் கதையை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். அவ்வீரனை அருந்ததியர் தம் குலத்தில் பிறந்தவனாகவே போற்ற, வேறு சிலர் அவன் அரசகுமாரன் என்றும் அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன் மட்டுமே என்றும் சொல்ல, 1956-இல் வந்த திரைப்படமும் இந்த இரண்டாவது வழக்கையே கைக்கொண்டது. பிறப்பு ஒன்றை மாற்றினால் யாருடைய மானம் உயர்கிறது, யாருடையது பறிபோகிறது என்பதைக் கதை சொன்ன ஒவ்வொருவரும் அறிந்தே இருந்தனர்.

ஜோடித்த படங்களுக்குத் திரும்பினால், பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலாவின் படங்களை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 1935-இல் 'ஹண்டர்வாலி'யில் முகமூடியும் சாட்டையுமாகத் தோன்றிய நடிகை நாடியாவை நினைத்து, தொண்ணூறுகளில் பம்பாய்த் தெருக்களில் தாமே முகமூடியணிந்து ஒரு படக்கதையில் நடித்த இவ்வம்மையார், பின்னர் 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னி என்னும் புகைப்படக் கலைஞருடன் சேர்ந்து எடுத்த படவரிசையில், ரவிவர்மாவின் லட்சுமியாகவும், சாட்டை சுழற்றும் திரைப்பட ஜெயலலிதாவாகவும், பத்தொன்பதாம் நூற்றாண்டு மானுடவியலார் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி அளந்த பெண்ணாகவும் வேஷம் பூண்டார். தேவியும் நடிகையும் அளக்கப்பட்ட பெண்ணும் ஒரே முகத்தில் வந்து நிற்கும்போது, அளந்தவர்களுடைய 'உண்மைப் படம்' என்பதும் ஜோடனைதானே என்ற ஐயம் எழுகிறது. அவ்வரிசையின் ஒரு பகுதியில் படப்பிடிப்பின் ஏற்பாடுகளையே அவர் காட்டியிருப்பது எனக்கு மிகவும் உவப்பானது. என் மாமனின் செருப்பு நுனிக்கு அது உறவு.

மாமன் காலமானபின் அப்படத்தைப் பெரிதாக்க ஒரு கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் கணினியில் அதைப் பார்த்துவிட்டு, "கீழே செருப்பு தெரியுதே, அழிச்சிரட்டுமா?" என்று கேட்டார். அத்தை சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "அது கெடக்கட்டும் தம்பி, அந்தக் கோட்டுத் தோளை மட்டும் கொஞ்சம் நிமித்திக் குடுங்க" என்றார்.

முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.