வயலில் நிற்கும் வன்னி

மேற்கு இராஜஸ்தானத்தில் பல இடங்களில் ஆண்டு மழை 400 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அங்கே கம்பும் நரிப்பயறும் விளையும் வயல்களுக்கு நடுவே வன்னி மரங்கள் நிற்கின்றன. உள்ளூரில் அதற்குக் கேஜ்ரி என்று பெயர். பொதுவாக மர நிழலில் பயிர் சோர்ந்துபோகும். வன்னியின் அடியிலோ கம்பு செழிக்கிறது. அதன் ஆணிவேர் ஆழத்து நீரைத் தேடிச் செல்கிறது. உதிரும் இலை மண்ணுக்கு உரமாகிறது.

பருவமழை மேலும் நிலையற்றுவரும் இந்நாளில் இதன் பயனை மாணவர்களும் அலுவலர்களும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கம்பு கருகிய ஆண்டிலும் மரம் தழைத்து நிற்கும். குளிர்காலத்தில் கழிக்கும் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். சாங்கிரி எனப்படும் இளங்காயை உலர்த்திச் சமைப்பர், விற்பதும் உண்டு. கால்நடையை அடிவிலைக்கு விற்றுவிட்டு ஊரைவிட்டுப் பெயரும் நிலையிலிருந்து ஒரு குடும்பத்தை இது காத்துவிடக்கூடும்.

ஆயினும் இளங்கன்றுகள் அருகி வருகின்றன. ஒட்டக ஏர் கன்றைச் சுற்றிச் செல்லும். டிராக்டர் கலப்பை பெயர்த்தெறிந்துவிடும். 1983-இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பெருமை மட்டும் கன்றைக் காத்துவிடாது. வளர்த்த மரத்தை வெட்ட அனுமதி கேட்டு அலைய நேருமாயின் சிற்றுழவர் கன்றை ஏன் பேணுவார்? வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் உள்ள விதிகளை எளிதாக்க வேண்டும் என்றே 2014-ஆம் ஆண்டின் தேசிய வேளாண் காட்டியல் கொள்கையும் கூறிற்று. நட்ட கன்றுகளை மட்டுமன்றி, வயலில் தானே முளைத்து உழவர் விட்டுவைத்த கன்றுகளையும் விரிவாக்க அலுவலர் கணக்கில் கொண்டு, அவற்றின் வேலிக்கும் உதவி கிடைக்கச் செய்தல் வேண்டும்.