கொழும்பில் ஒரு பகல்

யாழ்ப்பாணத்திலிருந்தோ, மட்டக்களப்பிலிருந்தோ, மலைநாட்டிலிருந்தோ இரவுப் புகையிரதமேறி விடியற்காலையிற் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்குவோர் பலர். கந்தோர் அலுவல் சிலருக்கு. வைத்தியரைக் காணும் தேவை சிலருக்கு. கடவுச்சீட்டு வேலை இன்னுஞ் சிலருக்கு. அலுவல் முடிந்தபின் ஒரு பகற்பொழுது கையில் எஞ்சும். அப்பொழுதைப் புறக்கோட்டைக் கடைகளிலும் தெகிவளை மிருகக்காட்சிச் சாலையிலும் கழித்துவிட்டு, கொழும்பு முழுவதையும் பார்த்தாயிற்று என்று ஊரிற் சென்று சொல்வோரை நாம் அறிவோம். அவர்கள்மீது குறை கூறுவதற்கில்லை. இந்நகரிற் காணத்தக்கது எது என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்த ஒரு பகலை எவ்வாறு செலவிடலாம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சிறு விளக்கம். சட்டப்படி இலங்கையின் தலைநகர் இப்போது சிறீ ஜயவர்த்தனபுரக் கோட்டை. 1982 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அங்கே வாவியின் நடுவே புதிய பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அதனை அமைத்தார். ஆயினும் துறைமுகமும் வங்கிகளும் பெரும்பாலான அரச அலுவலகங்களும் கொழும்பிலேயே இருக்கின்றன. தலைநகருக்குப் போகிறேன் என்று சொல்பவர் கொழும்புக்கே வந்து சேர்கிறார். ஆகவே நாமும் அவ்வாறே வைத்துக்கொள்வோம்.

கோட்டை என்ற பெயரைக் கேட்டு மதிலும் அகழியும் தேடுவோர் ஏமாந்து போவர். போர்த்துக்கேயர் கட்டி, 1656 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1796 இல் ஆங்கிலேயர் பெற்றுக்கொண்ட அந்த அரணின் மதில்கள், நகரம் விரிவடைய இடமின்றிப் போனமையால் 1870 ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்டன. பெயர் மட்டும் எஞ்சியது. கோட்டைக்குப் புறத்தே இருந்தமையாற் புறக்கோட்டை எனப்பட்ட பகுதியும், உள்ளே கோட்டை இல்லாத நிலையில், இன்றளவும் புறக்கோட்டையாகவே வழங்குகின்றது.

கோட்டைப் பகுதியில் ஒன்றிரண்டு இடங்களைப் பார்த்தாற் போதும். சதாம் வீதியும் சனாதிபதி மாவத்தையும் சந்திக்குமிடத்தில் உயர்ந்து நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தவறவிடலாகாது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1857 இல் கட்டிமுடிக்கப்பட்டது அது. அதன் அமைப்பை வரைந்தவர் தேசாதிபதியின் மனைவியாரே என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் அதன் உச்சியிலே விளக்கு ஏற்றப்பட்டு, பகலில் நகரத்தாருக்கு நேரமும் இரவிற் கப்பலோட்டிகளுக்கு வழியும் காட்டியது. உயரம் ஏறத்தாழ 29 மீற்றர். சுற்றிலும் எழுந்த மாடிக் கட்டடங்கள் ஒளியை மறைத்தமையால் 1952 இல் விளக்கு ஓய்வு பெற்றது. கடலோரத்தில் வேறொரு வெளிச்சவீடு எழுந்தது. கடிகாரம் மட்டும் கடமையில் இருக்கின்றது. அருகிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது; தடித்த சுவரும் ஓட்டுக் கூரையும் உடைய அக்கட்டடத்தில் இப்பொழுது உணவுச்சாலைகளும் கடைகளும் நடக்கின்றன. 1996 ஆம் ஆண்டு சனவரியில் மத்திய வங்கி மீது நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பின் பல ஆண்டுகளாகக் கோட்டையின் வீதிகள் மறிக்கப்பட்டுக் கிடந்தன. இன்று நாம் அங்கே தடையின்றி நடக்கின்றோம் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

புறக்கோட்டைக்கு வருவோம். குறுக்குத்தெருக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாணிபம் உண்டு; புடைவைக்கு ஒரு தெரு, இரும்புச் சாமானுக்கு ஒரு தெரு என்றவாறு. இரண்டாங் குறுக்குத்தெருவிற் சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாய் எழுந்து நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலைக் கண்டு நில்லாதவர் இல்லை. நம்மவர் வாயில் அது சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908 இல் தொடங்கி 1909 இற் கட்டிமுடிக்கப்பட்டது. மாதுளம்பழத்தை உரித்து வைத்தாற்போன்ற அந்நிறத்தைக் கடலிலிருந்தே கண்டு, துறைமுகம் அணுகிவிட்டதென மாலுமிகள் அறிந்துகொள்வர் என்று சொல்வதுண்டு. இன்று இடையே எழுந்த மாடங்கள் அப்பார்வையை மறைத்துவிட்டன.

அங்கிருந்து சற்று நடந்தாற் செட்டியார் தெரு. பொற்கடைகளின் தெரு என்றே பலரும் இதனை அறிவர். பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இத்தெருவிலேதான் உள்ளன. ஆடிமாதத்திலே வேல்விழாத் தேர் இங்கிருந்து புறப்பட்டுக் காலிமுகத்திடல் வழியாகப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் செல்லும்போது, சமய வேறுபாடின்றி நகரம் முழுவதும் வீதியோரத்தில் நிற்கும். 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே புறக்கோட்டையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வாணிபஞ் செய்தோர் ஒரே இரவில் யாவற்றையும் இழந்து கப்பலேறினர். இன்று கண்ணாடிப் பேழைகளில் ஒளிவீசும் நகைகளைப் பார்ப்போர் இதனையும் அறிந்தே பார்க்கவேண்டும்.

கொச்சிக்கடையிற் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் உள்ளது. பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவியது. அவர் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அதனை முழுவதும் கருங்கல்லாற் புதுக்கினார். சுண்ணாம்பும் செங்கல்லும் பழகிய கொழும்புக்கு அது புதுமை. வெளியே வெயில் கொளுத்தும் நண்பகலிலும் உள்ளே கற்றூண்களின் இடையில் ஒரு தண்மை உண்டு. வந்தவர் சிறிது நேரம் அமர்ந்து செல்லலாம். அருகே புனித அந்தோனியார் தேவாலயம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே திரளும் மக்களிற் கத்தோலிக்கரல்லாதோரும் பலர். 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது இங்கே குண்டு வெடித்தது. அன்று மாண்டவர்களின் நினைவு இவ்விடத்தை விட்டு அகலாது.

ஒல்லாந்தர் கட்டிய வுல்பெந்தால் தேவாலயத்தையும் நேரமுள்ளோர் பார்க்கலாம். 1749 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அப்பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? நரிகளின் ஊளையைக் கேட்டு ஓநாயென மயங்கி ஒல்லாந்தர் இட்ட பெயர் என்பர்.

இனி, நமது பகலின் நடுநாயகமான இடத்திற்குச் செல்வோம். கறுவாத்தோட்டத்திலே பெரிய ஆலமரங்களின் நிழலில் வெண்ணிற மாளிகையாக விளங்குவது தேசிய நூதனசாலை. 1877 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதனை நிறுவிய தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் சிலை வாயிலிலேயே நிற்கின்றது. கட்டடத்தை எழுப்பியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் பெருமகனார். வேலை முடிந்தபின் யாது வேண்டும் எனத் தேசாதிபதி வினவ, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்கவேண்டும் என்பதொன்றையே அவர் கேட்டார் எனக் கூறுவர்.

கண்டி மன்னரின் சிம்மாசனத்தைக் காணவே பெரும்பாலோர் உள்ளே விரைகின்றனர். 1693 இல் ஒல்லாந்தத் தேசாதிபதி இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு அளித்த அச்சிம்மாசனம், 1815 இற் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குச் சென்று, 1934 இல் மீண்டும் நாடு திரும்பியது. காணத்தக்கதே, ஐயமில்லை. எனினும் என்னைக் கேட்டால், அதைவிடச் சிறிது அதிக நேரம் நிற்கவேண்டிய இடங்கள் இரண்டு உண்டு என்பேன்.

ஒன்று, பொலனறுவையில் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சைவ வெண்கலத் திருவுருவங்கள். கூத்தப்பிரான் திருவுருவத்தோடு, சுந்தரமூர்த்தி நாயனாரின் உருவமும் அவற்றுள் அடங்கும். சேர் பொன்னம்பலம் அருணாசலமும் கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமியும் இவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதி உலகறியச் செய்தனர்.

மற்றொன்று ஒரு கல். சிறப்பான பீடமோ அலங்காரமோ அதற்கு வேண்டியதில்லை. சாதாரண ஆளின் மார்பளவு உயரமே இருக்கும். உச்சியில் இரு பறவைநாகங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சீனத்து யோங்லோ பேரரசனின் ஆணையால், கடற்றலைவன் செங்கோ கொண்டுவந்து காலியில் நிறுத்திய கல்வெட்டு அது. அதிலுள்ள காலம் 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும். வலப்புறத்திற் சீனமும் இடப்புறத்தில் மேலே தமிழும் கீழே பாரசீகமுமாக மூன்று மொழிகள் அதிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மூன்று மொழியிலும் ஒரே செய்தி இருக்குமென்றே முதலில் எண்ணத் தோன்றும். சீனப்பகுதி புத்தபகவானைப் போற்றிக் காணிக்கைகளை எண்ணுகின்றது. தமிழ்ப்பகுதி, தெவிநுவரையில் வழிபடப்பெற்ற விட்டுணு மூர்த்தியாகிய தென்னாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப்பகுதி அல்லாவைப் போற்றுகின்றது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயுமாக ஒவ்வொருவருக்கும் கூறப்பட்ட காணிக்கைகள் ஏறத்தாழ ஒத்தனவே! கடல் கடந்து வாணிபத்திற்கும் செல்வாக்கிற்குமாக வந்த ஓர் அரசு, இத்தீவின் கரையில் யார் யார் வாழ்கின்றனர், அவர்கள் யாரை வணங்குகின்றனர், எம்மொழியிற் பேசினால் விளங்கும் என்பவற்றை விசாரித்தறிந்தே கல்லை வெட்டுவித்தது. தென்னிலங்கைத் துறையிலே தமிழுக்கு அன்றிருந்த இடத்திற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அக்கல் 1911 இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டபோது எங்கே இருந்தது தெரியுமா? ஒரு மதகின்மேல் மூடுகல்லாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எத்தனை வண்டிகள் அதன்மீது உருண்டனவோ! எழுத்துள்ள பக்கம் கீழ்நோக்கிக் கிடந்தமையால் எழுத்துகள் ஓரளவேனும் தப்பின. பாடசாலைச் சுற்றுலாவிற் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்கள் தயவுசெய்து இக்கல்லின் முன் ஐந்து நிமிடம் நின்று, தமிழெழுத்துள்ள பக்கத்தைக் காட்டுவார்களாக. அறுநூறு ஆண்டுக்கு முந்திய எழுத்தாயினும், உற்று நோக்கும் பிள்ளை ஓரிரண்டையேனும் இனங்கண்டுகொள்ளும். சிம்மாசனத்தைக் கண்டு வியப்பதும், தன் மொழியைத் தலைநகரின் கல்லிற் கண்டு வியப்பதும் ஒன்றல்ல.

நூதனசாலையை விட்டு வந்தால், 1928 இல் நிறைவுற்ற வெண்மாடக் குவிமாடத்தோடு நகர மண்டபமும், அதன் எதிரே விகாரமகாதேவி பூங்காவும் உள்ளன. மறுபுறம் நடந்தாற் சுதந்திர சதுக்கம். இவ்வானொலி நிலையத்திற்கும் அது அண்மையானதே. கண்டி அரண்மனையிலுள்ள மகுல் மடுவ என்ற மரமண்டபத்தின் சாயலிற் கல்லால் எழுப்பப்பட்டது சுதந்திர மண்டபம். 1815 இற் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை வாசிக்கப்பட்டது அந்த மரமண்டபத்திலேயே. இழந்த இடத்தின் உருவிலேயே, பெற்றதற்கு நினைவுச்சின்னம் எழுப்பினர்.

பேரை வாவியின் மேல் சீமமாலகம் என்னும் பௌத்த வழிபாட்டிடம் மிதப்பதுபோல் அமைந்திருக்கின்றது. இதுவும் ஜெப்ரி பாவாவின் அமைப்பே. இதற்குப் பொருளுதவி செய்தோர், தம் மகனை இழந்த ஒரு முஸ்லிம் தம்பதியர். வாவிக்கப்பால் 350 மீற்றர் அளவு உயர்ந்து நிற்கும் தாமரைக் கோபுரம் 2019 இற் திறந்துவைக்கப்பட்டு, 2022 இல் மக்கள் ஏறிப்பார்க்க விடப்பட்டது. பிள்ளைகள் கேட்பார்கள், ஏறத்தான் வேண்டும். மேலிருந்து பார்த்தால் நகரின் கிடக்கை விளங்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வுயரத்தில் மனிதர் முகம் தெரியாது.

மாலைப்பொழுதிற் காலிமுகத்திடலுக்கு வந்துவிடவேண்டும். பழைய பாராளுமன்றம் அதன் வடக்கே நிற்கின்றது. 1930 இல் திறக்கப்பட்ட அந்தத் தூண்வரிசை மாளிகை இப்போது சனாதிபதி செயலகம். தெற்கெல்லையில் 1864 இல் தோன்றிய காலிமுக விடுதி. இடையே ஏறத்தாழ 5 ஹெக்டேயர் வெளி. முன் கூறிய சேர் ஹென்றி வார்ட் தேசாதிபதியே இங்குள்ள கடற்கரை நடைபாதையை 1859 இல் அமைத்து முடித்தார். தமக்குப் பின் வருவோர் கொழும்புப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலங் கருதி இதனைப் பேணவேண்டும் என்று கல்லிலும் எழுதுவித்தார். ஆளவந்த அந்நியர் ஒருவர் செய்த வேண்டுகோளாயினும், நாட்டவர் கேட்டு நடக்கத்தக்கது. கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் எழுந்த துறைமுக நகரம் வடமேற்குக் கடற்காட்சியை ஏற்கெனவே மாற்றிவிட்டது. எதிரே வானளாவும் விடுதிகள் எழுந்துள்ளன. நிலத்தின் விலை ஏறும் நகரிலே, நுழைவுச்சீட்டின்றி எவரும் வந்து அமரக்கூடிய வெளி இது. இதன் ஓர் அடியும் குறையலாகாது என்பதே என் துணிபு.

இத்திடலிலே குதிரைச் சவாரியின்போது வீழ்ந்தே முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கா 1952 இற் காலமானார். 2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 முதல் மூன்று மாதத்துக்கு மேலாக, எரிபொருளும் மருந்தும் இன்றித் தவித்த மக்கள் இங்கே கூடாரமிட்டிருந்தனர். கூடாரங்களிடையே ஒரு வாசிகசாலையும் இருந்தது. யூலையிற் சனாதிபதி பதவி விலகினார். அவ்வாண்டு மே 18 ஆந் திகதி, போரில் மாண்டவர்களுக்காகச் சிங்களவரும் தமிழரும் ஒருங்கே நின்று இத்திடலில் விளக்கேற்றினர். முள்ளிவாய்க்காற் கஞ்சியும் பகிரப்பட்டது. கொழும்பின் நடுவிலே அவ்வாறு நிகழ்ந்தமை முன்னர் எவரும் எதிர்பாராதது.

இப்போது அந்திநேரத்திற் பட்டம் விடும் பிள்ளைகளும், கைகோத்து நடக்கும் தம்பதியரும், இறால்வடை விற்கும் வண்டில்களுமே அங்கே இருப்பர். ஆண்டு முழுவதும் ஐந்தேமுக்கால் மணிக்கும் ஏறத்தாழ ஆறரைக்கும் இடையிற் சூரியன் கடலில் இறங்கிவிடும். அதற்கு அரைமணி முந்திச் சென்றாற் சுவரோரத்தில் இடம் கிடைக்கும். வைகாசி, ஆனி மாதங்களிற் கடல் சற்று முரடாயிருக்கும். திடலின் தென்புறத்தில் அலை சுவரைத் தாண்டித் தெறிப்பதுண்டு. பட்டுச்சேலை உடுத்து வருவோர் சிறிது தள்ளி அமர்தல் நன்று.